பழங்காசின் உரிமை – ஓர் அறவியல் நோக்கு

நாணயம் இயற்கையால் உளதாவதன்று. வழக்காற்றால் உளதாவது என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில் நீதியை ஆராயுமிடத்து அவர் இதனைக் கூறிச் செல்கிறார். கிரேக்க மொழியில் நாணயத்தைக் குறிக்கும் 'நொமிஸ்மா' என்னும் சொல், சட்டத்தையும் வழக்காற்றையும் குறிக்கும் 'நொமோஸ்' என்னும் சொல்லோடு தொடர்புடையது என்பதை அவர் சான்றாகக் காட்டுவார். மனிதர் உடன்பட்டமையாற் காசு காசாயிற்று. அவர்கள் விரும்பினால் அதனை மாற்றவும் பயனற்றதாக்கவும் இயலும். தமிழிலும் நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே சுட்டி நிற்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சொற்பிறப்பு எவ்வாறாயினும் ஆகுக. காசும் நம்பிக்கையும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்ற அனுபவம் இரு மொழிகளிலும் பதிவாகியுள்ளது.

அவ்வாறாயின், உடன்பாடு செய்துகொண்ட மனிதரும் அவர்தம் நகர அரசும் மறைந்து ஈராயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னர் எஞ்சி நிற்கும் காசு யாது? அதைக் கொடுத்து இன்று சிராக்கூசிலோ அதென்சிலோ ஒருபிடி தானியமேனும் வாங்க இயலாது. ஆயினும் அதன் விலையோ, அது வழக்கிலிருந்த காலத்திலும் பன்மடங்கு உயர்ந்துள்ளது. பழைய உடன்பாடு இறந்த இடத்திற் புதியதோர் உடன்பாடு முளைத்துள்ளது என்றே கொள்ளல் வேண்டும். சேகரிப்போர், வணிகர், அறிஞர் என்னும் சிறு கூட்டத்தினர் உலகளாவிய முறையில் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட உடன்பாடு அது. அதன் அறம் யாது? பழங்காசொன்றை விலை கொடுத்து வாங்கியவன் அதற்கு உரியவன் ஆகின்றானா?

இவ்வினாவை அது பிறக்கும் களத்தில் வைத்து நோக்குவதே தகும். அக்களம் நாணயக் கண்காட்சி. பெயரிற் கண்காட்சியாயினும் செயலில் அது சந்தையே. 1970களின் தொடக்கத்திலிருந்து நியூயோர்க் நகரிற் கூடிவருவதும், இன்று சனவரி மாதத்தில் நடைபெறுவதுமாகிய சர்வதேச நாணயவியல் மாநாடு இவ்வகைச் சந்தைகளுள் முதன்மையான ஒன்று. பெரிய விடுதியொன்றின் மண்டபத்தில் வரிசை வரிசையாக மேசைகள் இடப்பட்டிருக்கும். ஒவ்வொரு மேசைக்குப் பின்னும் ஒரு வணிகர்; அவர் முன் கண்ணாடிப் பேழைகளும் மென்துணி விரித்த தட்டுகளும் சிறு விளக்கும். பல நாடுகளிலிருந்தும் வந்த வணிகரிடையே, சேகரிப்பாளன் ஆண்டு முழுவதும் மிச்சம் பிடித்த பணத்துடன் உலவுவான்.

அவன் நடந்துகொள்ளும் முறையில் ஒருவகைச் சடங்கின் ஒழுங்கு உண்டு. காசை விளிம்பிற் பற்றியே எடுப்பான். தவறி வீழ்ந்தாலும் மென்துணியில் வீழுமாறு தட்டுக்கு மேலாகவே கையை வைத்திருப்பான். உருப்பெருக்கிக் கண்ணாடியால் முதலில் நோக்குவது கடவுளின் முகத்தையன்று, விளிம்பையே. அச்சில் வைத்து அடிக்கப்பட்ட காசா, அச்சுப்போல வார்க்கப்பட்ட போலியா என்பதை விளிம்பிற் காணப்படும் பொருத்துக்கோடு காட்டிக்கொடுக்கக் கூடும். பின்னர் நிறுத்துப் பார்ப்பான். அதென்சின் ஆந்தை பொறித்த நாற்றிராக்மா ஏறத்தாழ 17.2 கிராம் நிறையுடையது; அதிலிருந்து பெரிதும் குறைந்தால் ஐயம் எழும். இவையெல்லாம் முடிந்த பின்னரே அவன் காசைக் கண்டு மகிழத் தொடங்குவான். நூதனசாலையிற் கண்ணாடிக்கு அப்பால், சிறு விளக்கக் குறிப்போடு எட்டாது கிடக்கும் பொருள் இங்கே உள்ளங்கையில் வந்து அமர்கின்றது. அதனை முன்னர் ஏந்திய கை ஒரு கொத்தனுடையதாகவோ கூலிப் படைவீரனுடையதாகவோ இருந்திருக்கலாம். அந்நினைவு தரும் கிளர்ச்சியைப் பேராசையென்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. இறந்த காலம் உண்மையாகவே இருந்தது என்பதை உடலால் அறியும் அரிய வாய்ப்புகளுள் அதுவும் ஒன்று.

இச்சந்தைக்கே உரிய நற்பண்புகளும் உள. முன்பின் அறியாத ஒருவரிடம் பல்லாயிரம் டொலர் பெறுமதியான காசை வணிகர் தயக்கமின்றி எடுத்துக் கொடுப்பார். வாங்கமாட்டான் என்று தெரிந்தும் இளைஞனொருவனுக்கு அரைமணி நேரம் பாடஞ் சொல்வார். விற்ற காசு போலியெனத் தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் மதிப்புள்ள வணிகரிடையே நிலவும் மரபு. ஆக, நாணயம் என்னும் சொல்லின் இரு பொருளும் அம்மண்டபத்தில் வாழ்கின்றன. ஆயினும் அங்கே கேட்கப்படாத, அன்றேல் மிகத் தாழ்ந்த குரலில் மட்டுமே கேட்கப்படுகின்ற ஒரு கேள்வி உண்டு. இக்காசு எங்கே கிடைத்தது? யார் தோண்டியெடுத்தார்?

யாழ்ப்பாணத்திற் காணித்துண்டொன்று வாங்க எண்ணுபவர் என்ன செய்வார் என்று நோக்குக. உறுதியைக் கேட்பார், அதற்கு முந்திய உறுதியைக் கேட்பார், நொத்தாரிசிடமும் பதிவுக் கந்தோரிலும் தலைமுறை தலைமுறையாகக் காணி கைமாறிய வரலாற்றைத் தேடுவார். வரலாறு சொல்ல மறுப்பவனின் காணியை, விலை எத்துணை மலிவாயினும் எவரும் வாங்கார். இதே மனிதர், காணிக்குள்ளிருந்து வந்த பொருளை வாங்குமிடத்து, "பழைய சேகரிப்பிலிருந்து வந்தது" என்ற ஒரு வாய்ச்சொல்லோடு நிறைவு கொள்கிறார். காணிக்கு வேண்டப்படும் எச்சரிக்கை காசுக்கு வேண்டப்படாமைக்குக் காரணம் உண்டு. காணியில் உரிமை பிழைத்தால் நட்டம் வாங்கியவனுக்கு. காசில் உரிமை பிழைத்தால் நட்டம் அம்மண்டபத்தில் இல்லாத எவருக்கோ.

மெய்யியல் வரலாற்றில் இப்பிரச்சினை மிகப் பழைய காலத்திலேயே வந்துவிட்டது. பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் நூலில் கிளாக்கன் என்பார் கூறும் கைஜீஸ் மோதிரக் கதை யாவரும் அறிந்தது. லிடியா நாட்டு இடையனொருவன் நிலநடுக்கத்தால் வெடித்த பிளவினுள் இறங்குகிறான். அங்கே ஓர் உள்வெளியான வெண்கலக் குதிரையும் அதனுள் ஒரு பிணமும். பிணத்தின் கையிலிருந்த பொன்மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு வெளியேறுகிறான். அம்மோதிரம் அணிந்தவனைப் பிறர் காணாதபடி மறைக்கவல்லது. அதன் துணைகொண்டு அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றினான் என்பது கதை. எவரும் காணாரெனின் மனிதன் நீதியாக நடப்பானா என்பதே கிளாக்கனின் வினா. கதையை ஆய்வோர் பெரும்பாலும் மோதிரம் பெற்றபின் அவன் செய்தனவற்றையே பேசுவர். அவனுடைய முதற் குற்றம் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. இறந்தவனின் கையிலிருந்து, எவரும் காணாத பிளவினுள்ளே, மோதிரத்தைக் கழற்றியபோது அவன் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாதவனாக இருந்தான். லிடியா நாடே உலகில் முதன்முதலிற் காசடித்த நாடுகளுள் வைத்து எண்ணப்படுவது என்பது இக்கதைக்கு எதிர்பாராத பொருத்தத்தைத் தருகின்றது.

பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலின் பதினோராம் பகுதியில் இதனை நேராகவே எடுத்துக்கொள்கிறார். தன் முன்னோர் அல்லாத ஒருவர் தமக்காகவும் தம்மவர்க்காகவும் புதைத்துவைத்த செல்வத்தை ஒருவன் கண்டெடுக்க வேண்டுமென்று வேண்டவும் கூடாது, கண்டால் அசைக்கவும் கூடாது, அதனை எடுக்குமாறு தூண்டும் குறிகூறுவோரை நாடவும் கூடாது என்பது அவர் வகுக்கும் விதி. பொருளால் வரும் பேறு, அதனை எடாது விடுவதால் உள்ளத்தில் வளரும் பேற்றுக்கு ஈடாகாது என அவர் காரணமுங் காட்டுகிறார். புதையல் தோண்டுவோர் மாந்திரீகரை அழைத்து இரவிற் பூசை நடத்துவதாக வரும் செய்திகளை வாசித்துப் பழகிய இலங்கையர்க்கு, ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய அதெனியச் சிந்தனையாளர் குறிகூறுவோரையும் மறவாது குறிப்பிட்டமை வியப்பூட்டும். உரோமச் சட்டமோ இத்துணைக் கடுமை காட்டவில்லை. பேரரசன் ஹேட்ரியன் காலத்து விதிப்படி, பிறர் நிலத்தில் தற்செயலாகப் புதையல் கண்டவனுக்குப் பாதி, நிலத்துக்கு உரியவனுக்குப் பாதி. பிளேட்டோ உள்ளத்தைக் காக்க முனைந்தார். ஹேட்ரியன் வழக்கைத் தீர்க்க முனைந்தான். இன்றைய சட்டங்கள் பல மூன்றாவது தரப்பொன்றைக் கொண்டுவந்துள்ளன. இத்தாலியின் 1909ஆம் ஆண்டுச் சட்டம் மண்ணுக்குள்ளிருந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுடைமை என்கிறது. இலங்கையின் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே.

சேகரிப்பாளன் தன் சார்பிற் கூறும் வாதங்கள் இலகுவில் தள்ளத்தக்கவை அல்ல. காசு கோயிற் சிலை போன்றதன்று, ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டது, கைமாறுவதற்கென்றே பிறந்தது. உலகின் நூதனசாலைகள் அனைத்தும் சேர்ந்தாலும் மண்ணிலிருந்து வெளிவரும் காசுகள் எல்லாவற்றையும் காத்தல் இயலாது. மேலும் நாணயவியல் என்னும் துறையை உண்டாக்கியவர்களே சேகரிப்பாளர்கள்தாம். 1354ஆம் ஆண்டு மாந்துவா நகரிற் கவிஞர் பெத்திரார்க் பேரரசன் நான்காம் சார்ள்சுக்கு உரோமக் காசுகள் சிலவற்றைக் கையளித்து, அவற்றில் முகம் பொறிக்கப்பட்டோரைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொண்டார் என்பர். சேகரிப்பை அறக்கல்வியாகக் கண்ட முதல்வர்களுள் அவர் ஒருவர். இருபதாம் நூற்றாண்டிலும் அமெரிக்க நாணயவியற் கழகத்தின் பெருஞ்சேகரிப்பிற் கணிசமான பகுதி, அதன் தலைவராயிருந்த எட்வேட் நியூவெல் தம் சொந்தப் பணத்தில் வாங்கிச் சேர்த்தது. அலெக்சாந்தருக்குப் பிற்பட்ட அரசர்களின் காசடிப்பு வரலாறு அவரின்றி எழுதப்பட்டிராது எனலாம்.

இவை யாவும் உண்மை. ஆனால் இவை சேகரித்தலுக்குச் சார்பான வாதங்களேயன்றிக் கேளாது வாங்குதலுக்குச் சார்பானவை அல்ல. அதற்கென அவன் வைத்திருப்பது வேறொரு வாதம்: "காசு ஏற்கெனவே தோண்டப்பட்டுவிட்டது, நான் வாங்காவிடினும் அது மண்ணுக்குத் திரும்பப்போவதில்லை, இன்னொருவன் வாங்குவான்." தனியொரு செயலை அதன் விளைவால் மட்டும் அளந்தால் இவ்வாதத்தை முறியடிப்பது கடினம். ஒரு காசை ஒருவன் வாங்காமையால் எந்த வயலும் தோண்டப்படாமல் தப்பியதென்று எவரும் நிறுவ முடியாது. கான்ற் வழிவந்தோர் இவ்விடத்தில் வேறொரு வழியை நாடுவர். மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவனும் இதையே சொல்லிக்கொண்டுதான் வாங்குகிறான். ஒவ்வொருவரதும் இவ்வாசகமே சேர்ந்து தோண்டுபவனின் கூலியாகின்றது. தன் செயல் அற்பமானது என்ற எண்ணத்தை எல்லோருக்கும் பொதுவிதியாக்கினால், அற்பமற்ற ஒரு சந்தை பிறக்கிறது. விளைவுவாதி தடுமாறும் இடத்திற் கடமைவாதி தெளிவாகப் பேசும் அரிய சந்தர்ப்பங்களுள் இது ஒன்று.

இழக்கப்படுவது யாது என்பதையும் துலக்கமாக அறிதல் வேண்டும். 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் இங்கிலாந்தின் சமசெற் மாவட்டத்தில், புரோம் என்னும் ஊருக்கு அண்மையில், உலோகங்காட்டியுடன் வயலில் நடந்த ஒருவர் பெரும்பானையொன்றின் வாயைக் கண்டார். உள்ளே உரோமக் காசுகள் என்று தெரிந்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தித் தொல்லியலாளரை அழைத்தார். பானையிலிருந்த 52,503 காசுகளும் அடுக்கடுக்காக, எது எந்த ஆழத்தில் இருந்தது என்ற பதிவோடு எடுக்கப்பட்டன. அதனால் ஓர் எதிர்பாராத உண்மை வெளியாயிற்று. காலத்தாற் பிந்திய கராசியஸ் மன்னனின் காசுகளுட் பெருந்தொகை பானையின் மேற்பகுதியிலன்றிக் கீழ்ப்பகுதியிற் கிடந்தது. ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேமித்திருந்தால் பிந்திய காசு மேலேயே இருந்திருக்கும். எனவே பானை ஒரே முறையில் நிரப்பப்பட்டது. பானையோ அத்தனை பாரத்தைச் சுமந்து செல்லத் தாங்காத மெல்லிய சுவருடையது. ஆகவே முதலிற் புதைத்துவிட்டுப் பின்னரே காசைக் கொட்டியிருத்தல் வேண்டும். திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு வைத்த சேமிப்பா, எடுக்க நினையாத காணிக்கையா என்ற விவாதம் இவ்வாறு எழுந்தது. இதே காசுகள் இரவிற் கோணிப்பையில் அள்ளப்பட்டு, கழுவப்பட்டு, பத்து நாட்டுக் கண்காட்சிகளிற் பரவியிருந்தால் ஒவ்வொரு காசும் நல்ல நிலையில் எவரோ ஒருவரின் பேழையில் இருந்திருக்கும். கேள்வி மட்டும் பிறந்திராது. சந்தை பொருளை அழிப்பதில்லை. பொருள்களுக்கிடையே இருந்த உறவை அழிக்கிறது. அவ்வுறவு எவருக்கும் உடைமையாகாதாகையால் அதன் இழப்புக்காக எவரும் வழக்குத் தொடுப்பதுமில்லை.

இனி, குற்றம் எங்கே தங்கியிருக்கிறது என்னும் வினா. 2012ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், மேற்கூறிய நியூயோர்க் மாநாடு வோல்டோர்ப் அஸ்ரோரியா விடுதியில் நடைபெறவிருந்த வேளையில், நாணயவியலாரிடையே நன்மதிப்புப் பெற்ற ஒரு சேகரிப்பாளர் அங்கு கைதுசெய்யப்பட்டார். அவரிடமிருந்த மூன்று பண்டைய கிரேக்க வெள்ளி நாணயங்கள் சிசிலித் தீவில் அண்மையிலே களவாகத் தோண்டப்பட்டவை என்பது குற்றச்சாட்டு. அவற்றின் விலை பல இலட்சம் டொலர் தொடக்கம் மில்லியன் கணக்கில் மதிக்கப்பட்டது. அவை புதிதாக மண்ணிலிருந்து வந்தவை என்று அவரே வாய்விட்டுச் சொன்னதாக வழக்கேடுகள் கூறின. பின்னர் நுண்ணோக்கியாற் பரிசோதித்தபோது மூன்றும் போலிகள் எனத் தெரியவந்தது! அவை சிசிலியின் மண்ணை ஒருபோதும் கண்டதில்லை. எந்தக் கல்லறையும் உடையவில்லை. எந்த அரசின் உடைமையும் களவு போகவில்லை. அவர் களவுப் பொருளை வைத்திருக்க முயன்ற குற்றத்தை அதே ஆண்டு யூலையில் ஒப்புக்கொண்டார். தண்டப்பணம், 70 மணிநேரச் சமூகசேவை, இவற்றோடு வரலாறு தெரியாத காசுகளை வாங்குவதன் தீமை பற்றி நாணயவியல் இதழொன்றில் ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்பதும் தண்டனையாயிற்று. கட்டுரை எழுதுமாறு தண்டிக்கப்படுவது பல்கலைக்கழக மாணவருக்குப் புதிதன்று எனினும், நீதிமன்றம் விதிப்பது அரிது.

இவ்வழக்கு மெய்யியலாருக்கென்றே நிகழ்ந்தது போலத் தோன்றும். பேணாட் வில்லியம்சும் தோமஸ் நேகலும் 1976ஆம் ஆண்டில் எழுப்பிய 'அறத்தில் தற்செயல்' என்ற பிரச்சினையின் தலைகீழ் வடிவம் இது. ஒருவனது குற்றத்தின் அளவு அவன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளில் தங்கலாமா என்பது அவர்களது கேள்வி. இவர் தீமை செய்ய உடன்பட்டார். போலி செய்தவனின் கைத்திறன் அத்தீமையை நிகழாமற் காத்தது. விளைவை மட்டும் நோக்குவோர் இவரை விடுதலை செய்வர். திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் விடாது. பிறர் பொருளைக் களவாற் கொள்வோம் என உள்ளத்தால் எண்ணுவதையே அது குற்றமாகக் கொள்கின்றது. அவ்வதிகாரம் அரசியலில் வைக்கப்படாது துறவறவியலில் வைக்கப்பட்டமையும் களவைச் சட்டத்தின் கண்ணாலன்றி உள்ளத்தின் கண்ணால் நோக்கியதன் விளைவெனலாம்.

ஆனால் அதனிலும் கடினமானது எதிர்நிலை. அதே மண்டபத்தில் வேறொருவன் எதுவும் கேளாது, எதுவும் அறியாது, உண்மையாகவே களவாடப்பட்ட காசொன்றை வாங்கிச் செல்கிறான். தீமை நிகழ்ந்துள்ளது, தீய எண்ணம் இல்லை. இவனை எண்ணத்தால் அளப்போர் விடுதலை செய்தல் வேண்டும். அப்படியாயின் உண்மையை அறிந்து பேசியவர் குற்றவாளி, அறியாதிருக்கும் கலையைப் பயின்றவன் குற்றமற்றவன் என்றாகும். இது ஏற்கத்தக்க முடிவன்று. அரிஸ்ரோட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் இதற்கு விடை வைத்துள்ளார். அறியாமைக்குத் தானே காரணமாயிருப்பவன் அவ்வறியாமைக்காகவே தண்டிக்கப்படுவான் என்றும், குடிபோதையிற் குற்றஞ் செய்தவனுக்குச் சட்டம் வகுத்தோர் இருமடங்கு தண்டனை விதித்தனர் என்றும் அவர் எடுத்துக்காட்டுகிறார். குடியாதிருத்தல் அவன் கையில் இருந்தது. அதுபோற் கேட்டறிதல் சேகரிப்பாளன் கையில் இருக்கிறது. விளிம்பிலுள்ள மயிரிழைக் கோட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடத் தெரிந்தவன், காசு வந்த வழியைத் தேடத் தெரியாதவன் என்று சொல்லித் தப்புதல் அரிது. தன் பணம் வீணாகாதிருக்க அவன் காட்டும் கூர்மையே அவனுக்கு எதிரான சாட்சியம்.

இக்கண்டனம் அண்மைக் காலத்திற் சந்தையின் காதில் விழாமலில்லை. 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பின்னர், அதிலும் சிறப்பாகக் கடந்த சில தசாப்தங்களில், காசின் கைமாற்று வரலாறு அதன் விலையையே உயர்த்தும் பண்பாக மாறியுள்ளது. அடிக்கப்பட்ட பழங்காசு ஒவ்வொன்றும் வடிவிற் சிறிது வேறுபடுவதால், நூறாண்டுக்கு முந்திய ஏலப் பட்டியலின் நிழற்படத்தில் அதே காசை இனங்காண முடியும். இதற்கென இரவிரவாகப் பழைய பட்டியல்களைப் புரட்டும் சேகரிப்பாளர் உளர். அவர்களது உழைப்பு மெய்யான புலமையே. ஆனால் விலையுள்ள எதற்கும் போலி தோன்றும் என்ற நியதியிலிருந்து வரலாறும் தப்பவில்லை. யூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ், கொலை நிகழ்ந்த நாளைக் குறிக்கும் எழுத்துகளோடும் இரு குத்துவாள்களோடும் வெளியிட்ட பொற்காசொன்று 2020ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் ஏலமொன்றில் முப்பத்திரண்டு இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அது பழைய சேகரிப்பொன்றிலிருந்து வந்ததெனக் காட்டப்பட்ட வரலாறு புனைவெனப் பின்னர் தெரியவந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் அதனைக் கிரேக்கத்திடம் ஒப்படைத்தனர். காசு உண்மையானது, வரலாறு போலி. முன்னைய வழக்கிற் காசு போலி, குற்ற எண்ணம் உண்மை. 1830இல் இறந்த ஜெர்மானியரான பெக்கர் என்னும் பெரும்போலியர், தாம் அடித்த காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியிலிட்டு வண்டியிற் பூட்டி, குலுங்கிக் குலுங்கிப் பழமை எய்துமாறு ஊர்வலம் கொண்டுபோவார் என்பது இத்துறையாரிடையே வழங்கும் கதை. இன்று பெக்கரின் போலிகளையே விரும்பிச் சேகரிப்போர் உளர். அவை யார் கையில் எவ்வாறு பிறந்தவை என்பது தெரிந்திருப்பதே காரணம்.

அரசின் உரிமைவாதமும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று. 1984ஆம் ஆண்டு துருக்கியின் எல்மலி என்னும் இடத்தருகே ஏறத்தாழ 1,900 வெள்ளிக் காசுகள் கொண்ட புதையல் களவாகத் தோண்டப்பட்டு அமெரிக்கா சென்றது. நெடிய வழக்கின் பின் 1999இல் அதன் பெரும்பகுதி துருக்கியிடம் மீண்டது. அதில் இருந்தனவோ லிக்கியரும் கிரேக்கரும் அடித்த காசுகள். இன்றைய துருக்கி அரசு லிக்கியரின் மரபுரிமையாளனா என்று கேட்பவர் பிழையாகக் கேட்கவில்லை. ஆயினும் இரத்த உறவால் வரும் உரிமையை வைத்தே அரசின் வாதத்தை மதிப்பிட வேண்டியதில்லை. அந்நிலத்தை முறைப்படி தோண்டவும் பதியவும் பொறுப்பேற்க வேறெவரும் இல்லை என்பதே அதன் வலுவான அடிப்படை. பொறுப்பாளன் என்ற வகையிலேயே அரசு உரிமை கோரலாம். அப்பொறுப்பை நிறைவேற்றாது பெட்டகத்திற் பூட்டிவைக்கும் அரசு, சேகரிப்பாளனிலும் உயர்ந்ததென்று சொல்ல முடியாது.

தென்னாசியாவின் மண்ணும் இவ்விவாதத்துக்கு ஒரு சான்று தருகின்றது. 1898ஆம் ஆண்டு தமிழகத்தின் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றிற் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியாலோ கத்தியாலோ ஒரு வெட்டு இடப்பட்டிருந்தது. இனிமேல் இவை காசாக வழங்கா, பொன்னாகவே கொள்ளப்படும் என உணர்த்த வெட்டினர் என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் உள. கருங்கடற் கரையிலுள்ள சினோப்பே நகரிற் காசைச் சிதைத்த குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டார் எனப்படும் மெய்யியலாளர் டயோஜினிஸ், இவ்வெட்டைக் கண்டிருந்தால் உடனே பொருள் கொண்டிருப்பார். அரசனின் நொமோஸ் இவ்விடத்திற் செல்லாது என்பதே அதன் பொருள். கண்காட்சி மேசையில் வெட்டுப்பட்ட காசுக்கு விலை குறைவு. அதென்சின் ஆந்தைக் காசிலும் பண்டைய வணிகன் வெள்ளியைச் சோதிக்க இட்ட வெட்டு இருந்தால் வாங்குவோர் முகஞ்சுளிப்பர். காசு எங்கெல்லாம் பயணஞ் செய்தது, யார் அதனை ஐயுற்றார் என்பதற்கு எஞ்சிய ஒரே சான்றைச் சந்தை பழுதென்று கணக்கிடுகிறது.

விலையுயர்ந்த காசுகளைப் பற்றியே இதுவரை பேசப்பட்டது. அவற்றைச் சட்டம் கவனித்துக்கொள்ளக் கூடும். மண்டபத்தின் ஓரத்து மேசைகளில், பெட்டிகளிற் குவிக்கப்பட்டு, சில டொலருக்கு விற்கப்படும் கி.பி. நாலாம் நூற்றாண்டு உரோமச் செப்புக்காசுகளே எண்ணிக்கையில் மிகுந்தவை. முதன்முதலிற் சேகரிக்க வரும் சிறுவருக்குப் பரிசாகக் கொடுக்கப்படுபவையும் இவையே. எந்த நீதிமன்றமும் இவற்றுக்காகக் கூடாது. ஆனால் இவ்வகைத் தேய்ந்த சிறுகாசுகள், நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரியவை, இலங்கையின் பல பகுதிகளிலும் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடிக்கப்பட்ட போலிகளும் உடன் கிடைத்துள்ளன. கொட்றிங்ரன் 1924இல் இலங்கைக் காசுகள் பற்றிய தம் நூலை எழுதிய காலத்திலிருந்து அறிஞர் இவற்றைப்பற்றிச் சொல்லக்கூடியவை யாவும், அக்காசுகள் இன்ன ஊரில், இன்னவற்றோடு சேர்ந்து கிடந்தன என்ற பதிவின் மேலேயே நிற்கின்றன. எழுத்துத் தேய்ந்து முகம் அழிந்த செப்புத் துண்டுக்கு அதன் இடத்தைத் தவிர வேறு பேச்சில்லை. சிராக்கூசின் பெருங்காசு தன் அழகால் எங்கிருந்தாலும் பேசும், இது பேசாது.

நியூயோர்க் மேசையில் இத்தகைய காசொன்றை எடுத்துப் பார்க்கும் சேகரிப்பாளன் அதன் ஒளிபுகும் சிறு உறையினுட் செருகப்பட்ட சீட்டையும் வாசிப்பான். பேரரசனின் பெயர் அதில் உண்டு. காசடித்த நகரின் பெயர், பின்பக்க உருவத்தின் விவரணம், நூற்பட்டியல் இலக்கம், விலை ஆகியனவும் நுண்ணிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். சீட்டு அத்துடன் நிறைந்துவிடும். கிடைத்த இடத்துக்கென அதில் ஒரு வரியும் விடப்பட்டிராது.